கூப்பிட்டது நானில்லை

நெம்ப நல்லா இருந்துச்சு அம்மிணி இன்னைக்கு, அந்த மேடம் மூக்கை உறிஞ்சறதுகூட அப்படியே இருந்துச்சு என்று அம்மா சொல்லிச் சிரித்தபோது, ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்த பின்னக் கணக்குத் தாள்களோடு வாசற்படியில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் நின்றேன், ஏனென்றால் இன்றைக்கு நான் யாருக்கும் போன் செய்யவில்லை. அம்மா மடியில் பனியன் துணிகளைக் குவித்து வைத்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், சிரிக்கிற சிரிப்பில் சின்னக் கத்தரி விரலோடு சேர்ந்து ஆடியது. பதினோரு மணிக்கு வர்றேன், பாப்பாவை ஊட்லயே வெச்சிருங்கன்னு என்னமா மெரட்டறே நீ, நானும் வாடி வா, வந்தீன்னா அந்த மூக்குலயே சூடு போட்டு அனுப்பறேன்னு சொல்லி வெச்சுட்டேன், எப்படி மேகலா என்றாள். நல்லா இருந்துச்சும்மா என்று என் வாய் சொன்னது. என் வாய் எப்போதும் அப்படித்தான், நான் யோசித்து முடிப்பதற்குள் எதையாவது சொல்லிவிடும். இரண்டாவது செருப்பைக் கழற்றினேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. நாற்பது நிமிஷம் இருக்கிறது. மேடம் பஸ்ஸில் வருவாரா ஸ்கூட்டியிலா, ஸ்கூட்டி என்றால் இன்னும் சீக்கிரம், சூடு போடுகிறேன் என்று சொன்ன வீட்டுக்கு ஒருவர் மெதுவாகவா வருவார்.

மேடத்தின் பெயர் விஜயராணி. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறவர். தை மாதம் எங்கள் வளவுக்கு வந்தார், பொது வாசலைச் சுற்றிப் பதினோரு லைன் வீடுகள், ஏழாவது எங்களுடையது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டார். தாராபுரத்தில் சித்தி வீட்டில் படிக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அந்த நிமிஷம் என் தங்கச்சி நேத்ரா பீரோவுக்குப் பின்னால் என் கைக்குள் நின்றுகொண்டிருந்தாள், அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன், பொத்த வேண்டிய அவசியமே இல்லை, அவள் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு பயத்திலும் என் காது அதன் வேலையைப் பார்த்தது. நாலு வார்த்தைக்கு ஒரு உறிஞ்சல், வாக்கியம் ஆரம்பிக்கும்போது வந்துங்க, முடியும்போது சரிங்களா, அந்த ளாவைக் கொஞ்சம் கீழே தள்ளி விட வேண்டும். பொழுதோடு கண்ணாடி முன்னால் நின்றபோது மேடம் மொத்தமாக என் தொண்டைக்குள் இருந்தார். சிலிண்டர் போடுகிற அண்ணன், வீட்டுக்காரம்மா, ரேஷன் கடை மிஷினுக்குள் பேசுகிற பொம்பளை, எல்லாரோடும் இவரும். மறுவாரம் பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்கா போனில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டு மேடமாகப் பேசினேன். அம்மா அழுதுவிட்டாள். என்ற புள்ளைய உட்ருங்க மேடம் என்று அவள் கெஞ்சியது போனிலும் கேட்டது, நடுச்சுவர் வழியாகவும் கேட்டது, இரண்டு காதிலும் இரண்டு அம்மா. ஓடிவந்து நான்தான் என்று சொன்னேன், விளக்குமாற்றால் வாங்கினேன். இரண்டாவது தடவை ஜெராக்ஸ் கடை அண்ணன் போனில் இருந்து, மூன்றாவது உறிஞ்சலிலேயே கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்த சந்தோஷத்தில் என்னை ஆசை தீரத் திட்டினாள். அதோடு அது எங்கள் வீட்டு விளையாட்டாகிப் போனது. தெரியாத நம்பர் என்றால் மேகலா. மேடம் என்றால் மேகலா. இன்றைக்கு அந்த நேரத்தில் நான் ஜெராக்ஸ் கடையில் வேறு இருந்தேன். அம்மா எப்படிச் சந்தேகப்படுவாள். அவள் மேல் தப்பே இல்லை.

நேத்ரா உள்ளே அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இதுதான் அவள் பள்ளிக்கூடம். ஒரு போன், நாளுக்கு ஒன்றரை ஜிபி, மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், அதனால் நூலகத்து வைஃபையில் போய் நின்று அடுத்த நாள் பாடத்தை இறக்கிக்கொண்டு வருவேன். அரசாங்கப் புத்தகம் நெட்டில் சும்மாவே கிடைக்கிறது, எழுதிப் பார்க்கிற பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். என் பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களை அம்மா கிழித்துத் தைத்துக் கொடுத்தாள். ஃபீஸ் இல்லை, வேன் இல்லை, ஷூ இல்லை, டை இல்லை. பகலில் சொல்லித் தருவது அம்மா, சாயந்தரம் நான், என் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு முழு நாளும் நான். கணக்குக்கு மதுரைப் பக்கத்து சார் ஒருத்தர், ஒவ்வொரு வரி முடிவிலும் சரியா தங்கங்களா என்பார். மாசி மாதம் ஒரு நாள் அந்த சார் வாய்ப்பாடு சொல்லும்போது கூடவே இன்னொரு குரல் கேட்டது, அம்மா கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள். நேத்ரா பேசினாள். சார் மாதிரியே பேசினாள், அதே இழுப்பு, அதே தங்கங்களா, ஒரு எழுத்தில்கூட நிற்காமல். திக்குவாய் என்று பெயர் வாங்கிய பிள்ளை. அதிலிருந்து அப்படித்தான், தன் குரலில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள், சார் குரலில் எல்லாம் கேட்பாள், இப்ப நமக்கு என்ன வேணும், ரசம் வேணும், சரியா தங்கங்களா. நாங்கள் சிரித்துச் சிரித்து ரசம் ஊற்றுவோம். இப்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், போனில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ரொட்டியை எட்டாக வெட்டி மூன்றை எடுத்துவிட்டார்கள். அம்மா இரண்டு கையிலும் வேலை வைத்துக்கொண்டு போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள், ஆகவே இவளும் கேட்டிருக்கிறாள். என் காதுதான் இவளுக்கும். மெதுவாக, சார் குரலில் சொன்னாள்.

"கூப்பிட்டது அக்கா இல்லை. நெஜ மேடம். சரியா தங்கங்களா."

முன்னறையில் அம்மாவுக்குத் தங்கங்களா மட்டும்தான் கேட்டது, பாடம் படிக்கிறாள் என்று அவள் ஒரு பாட்டை முனக ஆரம்பித்தாள். அம்மா பாட்டு முனகி எத்தனை நாள் ஆயிற்று. அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை, அம்மா அது நானில்லை, மூன்றே வார்த்தை, நாக்கில் வைத்தேன், விழுங்கினேன். சொன்னால் என்ன செய்வாள். பூட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறுவாள். மேடம் பூட்டைப் பார்ப்பார், ஈஸ்வரியக்காவைக் கேட்பார், ஈஸ்வரியக்காவுக்குப் பொய் சொல்ல வராது, காலையிலகூடப் பாத்தனே மேடம் என்பாள். அப்புறம் ஜூன் மாதம் நேத்ராவை அதே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், அதே வகுப்பு, அதே பிள்ளைகள், இந்தத் தங்கங்களாகூட மறுபடி போய்விடும். பூட்டாமல் வீட்டிலேயே இருந்தால். மேடம் வருவார், உன் பேர் என்ன கண்ணு என்பார். இவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பாள், பேசத் தெரியாத பிள்ளையை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார். இல்லையென்றால் மதுரை சாராக மாறி என் பேர் நேத்ரா, சரியா தங்கங்களா என்பாள், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எழுதிக்கொள்வார். இல்லையென்றால், ஐயோ, காலையில்தான் ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்டிருக்கிறாள், மேடத்தைப் பார்த்து மேடம் குரலிலேயே மூக்கை உறிஞ்சிப் பதில் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பயத்துக்கு இதுதான் பெரிய கேடு. பத்து முப்பத்தைந்து. சட்டென்று ஒரு யோசனை, எனக்கு வருகிற யோசனைகள் எல்லாமே குரலாகத்தான் வரும். மேடத்தின் நம்பர் போனிலேயே இருக்கிறது. அம்மா குரலில் நானே கூப்பிட்டால். மேடம் நான் கலாமணி பேசறனுங், காலையில யாரோன்னு நெனச்சு வாய உட்டுட்டனுங், தப்பா நெனச்சுக்காதீங்க, பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்குதுங், ஒரு வாரம் கழிச்சு வாரீங்களா. அம்மை என்றால் யாரும் வர மாட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு சமையல் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முதலில் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். அம்மா குரலில் மே என்று ஆரம்பித்தேன். மே. மே. அடுத்த எழுத்து வரவில்லை. தொண்டையில் அம்மா இல்லை. பயத்தில் மூச்சு அறுந்து அறுந்து வந்தது, அந்த மே மே மே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, எங்கே என்று தெரிந்ததும் போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆவணி மாதம், கரண்ட் இல்லாத ஒரு சாயந்தரம், வளவு மொத்தமும் வாசலில். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், பின்னக் கணக்கை நினைக்கலாம், எட்டில் மூன்று போனால் எட்டில் ஐந்து. பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பெரியவர்கள் படிகளில், அம்மா எங்கள் வாசலில், அவள் மடியில் நேத்ரா. அக்கா வீட்டுக்காரம்மா பண்ணுங்கக்கா, பண்ணினேன். சிலிண்டர் அண்ணன், பண்ணினேன். ரேஷன் மிஷின், கைரேகை பதியவில்லை மீண்டும் முயற்சிக்கவும், ஈஸ்வரியக்கா சிரித்துப் புரைக்கேறித் தலையில் தட்டிக்கொண்டாள். இன்னொண்ணு இன்னொண்ணு என்றார்கள். தீர்ந்துபோயிருந்தது. என்னிடம் குரல் தீர்ந்துபோனது அன்றைக்குத்தான். ஒரு ஆள் பாக்கி இருந்தது, எதிரில், மடியில், எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு. அவள் காலையில் தக்காளிச் சட்னி கேட்ட மாதிரி கேட்டேன். த த த த, கண்ணை அப்படி இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தைக் கொக்கி மாதிரி வைத்துக்கொண்டு, தக்காளி. அவ்வளவுதான், இரண்டு நிமிஷம்கூட இல்லை. வளவே கைதட்டியது. நேத்ராவும் சிரித்தாள், முதலில். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றாகச் செய்கிறேனா என்று அவள் முகத்தை வைத்துத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டாவது த. மூன்றாம் வீட்டுத் தருண் அவள் வகுப்பு. மறுநாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் எழுந்து நிற்பதற்குள் வகுப்பு மொத்தமும் அவளைப் போலவே இழுத்து இழுத்து ப்ரெசென்ட் மிஸ் சொன்னதாம், கண்ணை இறுக்கி, கழுத்தைக் கொக்கி வைத்து. நான் கண்டுபிடித்த கொக்கி. அன்று சாயந்தரத்திலிருந்து வாய் மூடிவிட்டாள். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள், பிள்ளைகளை இப்படியா வளக்கறீங்க, வேடிக்கை பாத்துட்டு நின்னுருக்கீங்க என்று மிஸ்ஸிடம் கத்திவிட்டு டி.சி. வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம்தான் என்ற புள்ளையக் கெடுத்துச்சு என்று சொந்தக்காரர்களிடம், அப்பாவிடம், எல்லாரிடமும் சொன்னாள். அப்பா லாரியில் தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறவர், போனில் சரி சரி என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சாயந்தரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. மேடம் ஏன் நிறுத்தினீங்க என்று கேட்பார், அம்மா பள்ளிக்கூடம் என்பாள், மேடம் பள்ளிக்கூடத்தில் போய் விசாரிப்பார், மிஸ் தருணைக் கேட்பார், தருணுக்கு எட்டு வயது, அவன் ஏன் பொய் சொல்லப் போகிறான். மேகலாக்கா செஞ்சு காட்டினாங்க மிஸ். அந்த ஒரு வரிக்குத்தான் ஒன்பது மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். அம்மாவை அழ வைத்தேனே அந்த முதல் போன், அதுகூட வேறெதற்கும் இல்லை, மேடம் நிஜமாக விசாரிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது, தோன்றுவது உண்மையா, நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறதா, தெரியவில்லை. வெறும் குஷியாகக்கூட இருந்திருக்கலாம்.

பத்து நாற்பத்தெட்டு. போனை மறுபடி அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். வாசலில் ஸ்கூட்டிச் சத்தம், எழுந்தேன், பால்காரர் காலிப் பால் டிரேயை எடுக்க வந்திருந்தார். உட்கார்ந்தேன். குழாயடியில் யாரோ குடத்தை வைத்த சத்தத்துக்கு மறுபடி எழுந்தேன். என்னடி தவ்விட்டே இருக்கறே என்று அம்மா கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பனியனை எடுத்துப் பிசிறு தேடினேன், இப்போது சொல்லிவிட வேண்டும், அம்மா அது நானில்லை, அம்மா ஆவணி மாசம், எதை முதலில் சொல்வது, ஒன்றைச் சொன்னால் அடுத்ததும் வந்துவிடும், இரண்டும் ஒரே நூலில் இருக்கிற மாதிரி இருந்தது, வெட்டினால் தையலே பிரிந்துவிடும். அம்மா என்றேன். என்ன என்றாள். இன்னைக்கு அந்த மேடம் வேற என்னெல்லாம் பேசினா என்று கேட்டேன். நீ பேசினது உனக்குத் தெரியாதாக்கும் என்றாள், சிரித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், சிரிப்பு உதட்டிலேயே இருக்க அதற்கு மேலே இருந்த முகம் மாறியது. கத்தரி நின்றது. மேகலா, அது நீயில்லையா என்று அவள் மூச்சுக்குள் கேட்டபோது வளவு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, யாரோ ஏழாம் நம்பர் எதுங்க என்று விசாரித்தார்கள், விசாரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சினார்கள்.

விஜயராணி மேடம் நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம் குறைவு, குடையும் ஒரு துணிப்பையும் வைத்திருந்தார், வெயிலில் முகம் சிவந்திருந்தது. அம்மா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த துணியெல்லாம் தரையில் கொட்டியது. மேடம் உள்ளே வந்து, காலையில மூக்குல சூடு போடறேன்னீங்க, எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா அந்தப் பக்கமா உக்காந்துக்கறேன் என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், என்னென்னவோ சொன்னாள், மகள் விளையாடுவாள் என்று நினைத்தேன், தெரியாமல் சொல்லிவிட்டேன், தாராபுரமும் பொய்தான், எல்லாம் கலந்து வந்தது. மேடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நேத்ரா படித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார், போனை, அரிசி டப்பாவை, தைத்த நோட்டை. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஓரிடத்தில் நின்று கணக்கைத் தானும் போட்டுப் பார்த்த மாதிரி உதட்டை அசைத்தார். அப்புறம் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இங்க ஒரு கட்டம் இருக்குதுங்க, நின்னதுக்குக் காரணம்னு, இதுல என்ன எழுதறனோ அதை வெச்சுத்தான் ஜூன்ல புள்ளைய எங்க உக்கார வெக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க, அதனால யோசிச்சுச் சொல்லுங்க என்றார். அம்மா வாயைத் திறந்தாள், பள்ளிக்கூடம்தானுங்க என்று அவள் சொல்லப்போவது அவள் உதட்டிலேயே தெரிந்தது. மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். நீங்க இல்லீங்க, அவ சொல்லட்டும் என்றார். குனிந்து, ஏன் கண்ணு பள்ளிக்கூடம் போறதில்லே என்று நேத்ராவைக் கேட்டார்.

நேத்ரா என்னைப் பார்த்தாள். சாரைக் கூப்பிடு, தங்கங்களாவைச் சொல்லு, மேடமாட்டமே வேண்டுமானாலும் பேசு, என்ன குரல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். கழுத்து ஒரு பக்கம் வளைந்தது. ஒன்பது மாதமாக நான் கேட்காத குரல் அது, கேட்டதும் அடையாளம் தெரிந்தது, நான் அதை எவ்வளவு மோசமாகச் செய்திருந்தேன் என்றும் தெரிந்தது.

"எ... எ... எங்கக்கா எ... என்னையாட்டமே பே... பேசிக் காட்டினா. எ... எல்லாரும் சிரிச்சாங்க."

இவ்வளவு சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, எனக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை காது அடைத்துத் திறந்தது. சொல்லிவிட்டாள். ஒன்பது மாதமாகப் பயந்த வரி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது, தருண் சொல்லவில்லை, மிஸ் சொல்லவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. நான் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கீழே கிடந்த பனியன்களில் ஒன்றை எடுத்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"நானுந்தானுங்க சிரிச்சேன்" என்றாள் மேடத்திடம். "மடியில இவள வெச்சுட்டே சிரிச்சேன்."

மேடம் எழுதவில்லை. பேனா மூடியை ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூடினார். இந்தக் கட்டத்தை ஜூன் வரைக்கும் காலியா உட்டு வெக்கறேன் என்றார். வியாழக்கிழமை எங்க ஆபீசுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க வர்றாங்க, காசு கிடையாது, கூட்டிட்டு வாங்க, அதுக்கப்புறம் எங்க படிக்கறதுன்னு அவளையே கேட்டு எழுதிக்கலாம், அது வரைக்கும் ஊட்லயே நடக்கட்டும், கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கறா. அம்மா மறுபடி கும்பிட்டாள். வீட்டுல சொல்லித் தர்றவங்க பேர்னு ஒரு இடம் இருக்குது, அதை மட்டும் நிரப்பிக்கறேன், யாரு கண்ணு உனக்குச் சொல்லித் தர்றது என்று மேடம் நேத்ராவைப் பார்த்தே கேட்டார். நேத்ரா மே என்றாள். மே. மே. அங்கேயே நின்றது. கண் மூடியிருந்தது, கழுத்து நரம்பு எழுந்து நின்றது. மீதி இரண்டு எழுத்தும் என் நாக்கில் தயாராக இருந்தன, என் பெயர்தானே, அவள் சொல் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் முந்திக்கொண்டு முடித்து வைக்கிறது நான்தானே. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அந்தப் பெயரைச் சொல்லாமலே விட்டுவிடுவாளோ என்று ஒரு பயம், மேடம் பொறுமை போய் எழுந்துவிடுவாரோ என்று ஒரு பயம், அவளுக்கு முன்னால் என் வாய் திறந்துவிடுமோ என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். மேடம் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி அசையாமல் இருந்தார். அம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மே என்றாள் மறுபடி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் உதவவில்லை. காத்திருந்தோம்.